குளிரில் காக்க வைத்த குளவிகள்

நான் குளவிகளுக்குப் பிரசவம் பார்த்தவன். ஐம்பதுகளின் பின்பாதியில் கொடைக்கானலில் எனக்குக் கிடைத்த உத்தியோகம் அதுதான். அதன் பெயர் ஆங்கிலத்தில் நீளமாக, கேட்பவர்கள் எழுந்து நிற்கிற மாதிரி இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லித்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். கல்யாணமான மூன்றாம் நாள், "ஏங்க, ஆபீசுல உங்களுக்கு என்னதான் சோலி?" என்று மனைவி கேட்டாள். உண்மையைச் சொன்னேன். "இத எங்கப்பாகிட்ட சொல்லிராதீங்க" என்றாள்.

உத்தரத்தில் கூடு கட்டிக் கொட்டுகிற குளவி இல்லை இது. இந்த வாக்கியத்தின் கடைசியில் உள்ள புள்ளி அளவுதான் இருக்கும். அதற்குத் தெரிந்த ஒரே தொழில், வேறொரு பூச்சியின் முட்டையைத் தேடிப் பிடித்து அதற்குள் தன் முட்டையை வைப்பது. அப்புறம் அந்த முட்டையிலிருந்து புழு வராது, குளவிதான் வரும். நாங்கள் கம்பு நொறுக்கிப் போட்ட மரத்தட்டுகளில் அரிசி அந்துப்பூச்சியை வளர்த்து, அதன் முட்டைகளைக் கோந்து தடவிய அட்டையில் ஒட்டி, குளவிகளிடம் கொடுப்போம். குளவி புகுந்த முட்டை சில நாளில் கறுத்துவிடும். கறுத்த அட்டைகளைக் கொண்டுபோய்த் தேக்கு மரங்களில் கட்ட வேண்டும். இவ்வளவுதான் விஞ்ஞானம். மிச்சமெல்லாம் நேரம் பார்ப்பது.

அந்த நேரம்தான் என் ஜாதகத்தில் இல்லை.

மலையடிவாரத்தில், அய்யம்பாளையத்துப் பக்கம், எங்கள் வன இலாகா வைத்த தேக்குத் தோட்டம் ஒன்று இருந்தது. கோடைமழை ஒன்று விழுந்தால் மரமெல்லாம் தளிர்விடும். தளிரைக் கண்டதும் எங்கிருந்தோ தேக்கிலையைத் தின்னும் வேறொரு வகை அந்துப்பூச்சிகள் கூட்டமாக வந்து முட்டையிடும். மூன்றாம் நாள் முட்டை பொரியும். பிறகு இரண்டு வாரம் போனால், இலையில் நரம்பு மட்டும் மிஞ்சும். குளவியை விட வேண்டியது முட்டையிட்டதற்கும் பொரிவதற்கும் நடுவில் இருக்கிற அந்த இரண்டு நாளில். முந்திப் போனால் முட்டை கிடைக்காமல் குளவி செத்துப்போகும். பிந்திப் போனால் புழுக்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். பந்தி போடுகிற நேரம் தெரியாமல் கல்யாண வீட்டுக்குப் போகிறவனைப் போல நான் மூன்று வருடம் அந்தத் தோட்டத்துக்குப் போய்வந்தேன்.

தோட்டத்துக் காவல்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை சார் என்பார். அதற்கு முன்னால் பழனியில் ஒரு பஞ்சாமிர்தக் கடையில் பழம் பிசைந்துகொண்டிருந்தார். தைப்பூசத்துக்குக் கூப்பிட்டு, கூட்டம் வடிந்ததும் போகச் சொல்லுகிற வேலை. அது அலுத்துப்போய் மனைவியோடு இங்கே வந்து, தோட்டத்துக் குடிசையில் தங்கியிருந்தார். இங்கேயும் அவர் தற்காலிகம்தான். பெரிய ஆபீசர் என் முன்னாலேயே அவரிடம் சொன்னார்: மூன்று கோடை பார்ப்போம், மூன்றாவது கோடையிலாவது இலை நின்றால் தோட்டமும் நிற்கும், உன் வேலையும் நிரந்தரம், குடிசையும் உனக்குத்தான், நிற்காவிட்டால் தோட்டத்தைக் கைவிட்டுவிடுவோம், அப்புறம் காவலுக்கு ஆள் எதற்கு. அன்று சாயங்காலமே காவல்காரரின் மனைவி குடிசைக்குப் பின்னால் இரண்டு முருங்கைக் கொம்புகளை நட்டார். அந்தக் குடும்பம் மொத்தமும் என் குளவியின் இறக்கைமேல் ஏறி உட்கார்ந்தது அப்படித்தான்.

குளவிக் கொட்டகை இருந்தது மேலே, கொடைக்கானலில். வெயில் காலத்தில் ஆபீசர்கள் மேலே வந்துவிடுவதால் கொட்டகையும் அங்கே வந்திருந்தது. கீழே வெக்கையில் எட்டு நாளில் வெளிவருகிற குளவி, மேலே மூன்று வாரத்துக்குமேல் எடுத்துக்கொள்ளும். பனி அதிகமானால் அந்தக் கணக்கும் தப்பும். ஆபீசர் கெட்டிக்காரர். முதல் வருடமே என்னைக் கூப்பிட்டு, "கொட்டகையை அடிவாரத்துக்கே கொண்டுபோய்விட்டால் என்ன? யோசித்து எழுதிக் கொடு" என்றார்.

யோசித்தேன். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாரிடமிருந்து கம்பளிக் கோட்டு ஒன்று வாங்கியிருந்தேன். கை நாலு விரற்கடை நீளம். போட்டுக்கொண்டால் எனக்குள் இன்னொருவர் நடப்பது போல இருக்கும். இருந்தாலும் ஏரிக்கரையில் அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் இரண்டு பேராவது வணக்கம் வைப்பார்கள். அடிவாரத்தில் அந்தக் கோட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால் இரண்டு பக்கம் எழுதினேன். குளிரில் வளர்ச்சி மெதுவாவதால் குளவிகளைத் தேவைப்படும் நாள் வரை காக்க வைக்கலாம் என்பது அதில் முக்கியமான வரி. ஆபீசர் அந்த வரிக்குக் கீழே சிவப்பு மசியில் கோடு போட்டு, "சபாஷ்" என்று ஓரத்தில் எழுதினார். கம்பளிக் கோட்டைப் பற்றி நான் எழுதவில்லை.

முட்டை விழுந்த சேதி எனக்கு வரும் வழி இது. காவல்காரர் தினமும் வெள்ளனே எழுந்து தளிர்களைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். முட்டையைக் கண்டதும் அந்தத் தளிரைக் கிள்ளி, ஈரத்துணியில் மடித்து, வாழைநாரால் கட்டி, மலைப்பாதை தொடங்குகிற காட்ரோட்டில் கொடைக்கானல் போகிற பஸ் கண்டக்டரிடம் கொடுப்பார். மத்தியானத்துக்குள் அது என் மேசைக்கு வந்துவிடும். பழம் பிசைந்த கை என்பதாலோ என்னவோ, அந்தப் பொட்டலம் ஒரு தடவைகூடக் கசங்கி வந்ததில்லை. பிரித்து லென்ஸில் பார்த்தால், கண்ணுக்கே தெரியாத முட்டை வரிசை. இத்தனைக்கும் அவரிடம் லென்ஸ் கிடையாது.

முதல் கோடையில் அந்தத் தளிர் வந்தபோது என் அட்டைகள் கறுக்கவே இல்லை. வெள்ளை வெளேரென்று, நேற்றுப் போட்ட முட்டை மாதிரி இருந்தன. நான்கு நாள் அட்டைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் பார்ப்பதற்குக் கீழே பொரியாத முட்டை ஒன்றும் மிஞ்சவில்லை.

இரண்டாவது கோடைக்கு உஷாராகிவிட்டேன். கொட்டகைக்குள் கரியடுப்பு மூட்டி, ராத்திரி பகல் கணப்பு வைத்து, அட்டைகளைக் கறுக்க வைத்தேன். தளிர் வந்தது. மறுநாள் முதல் பஸ்ஸில் அட்டைகள் அடுக்கிய பெட்டியோடு ஏறி, கோட்டைப் போட்டுக்கொண்டு, பூம்பாறைப் பூண்டு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். என்னுடைய உடம்புக்கு வெயில் ஏறுவதைப் பற்றி யோசித்திருந்தேனே தவிர, பெட்டிக்கும் ஏறும் என்று யோசிக்கவில்லை. ஊத்து கிராமம் தாண்டிக் கோட்டைக் கழற்றினேன். வாழைகிரியில் சட்டைப் பொத்தானைத் திறந்தேன். அதற்கும் கீழே இறங்கும்போது பெட்டி மூடியின் இடுக்கில் தூசி நகர்வது தெரிந்தது.

நான் குனிந்து ஊதுவதைக் கண்டக்டர் பார்த்துவிட்டார். "என்ன சார் பொட்டில?"

"குளவி" என்றேன். அந்த வார்த்தையை ஒரு பஸ்ஸுக்குள் சொல்லக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.

முன் ஸீட்டு அம்மாள் முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு, "ஏலே, வண்டிய நிறுத்தச் சொல்லு" என்றார்.

"பயப்படாதீங்கம்மா, இது கொட்டாது."

"எங்க சார், ஒண்ணையும் காணோமே" என்று கண்டக்டர் பெட்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"உங்க சட்டைக் காலர்லயே பத்து இருக்கும். கண்ணுக்குத் தெரியாது."

பூண்டு மூட்டைக்காரர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார். "கொட்டாத குளவி, தெரியாத குளவி. அதையும் மேல இருந்து கீழ கொண்டுபோறதுக்கு ஒரு ஆளு. குடுத்து வச்சவங்க சார் நீங்க" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, மூன்று வாரமாக நான் கணப்பு மூட்டி வளர்த்தவை ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துப் போய், ஒவ்வொரு வளைவிலும் மலைக்காட்டுக்குள் இறங்கிக்கொண்டதை உணர்ந்தேன். தோட்டத்துக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தபோது ஓட்டை விழுந்த கறுப்புத் தோல்கள்தான் இருந்தன. காவல்காரரின் மனைவி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பொட்டி வந்துருச்சு. ஆளும் வந்துட்டாரு. குளவி அடுத்த பஸ்லயா சார்?"

"சும்மா கெட" என்றார் காவல்காரர். என்னிடம், "விடுங்க சார். இன்னும் ஒரு கோடை இருக்குல்ல" என்றார். முருங்கை அப்போதே குடிசைக் கூரைக்குமேல் எழும்பியிருந்தது.

மூன்றாவது கோடைக்கு, என் அந்தப் புகழ்பெற்ற வரியையே நம்பினேன். கொட்டகையின் வடக்குச் சுவரை ஒட்டி ஒரு சிற்றோடை போகும். அந்தச் சுவரில் ஒரு மாடம் வெட்டி, கறுத்த அட்டைகளை அதில் அடுக்கி, ஈரச்சாக்கைத் தொங்கவிட்டேன். மாடத்துக்குள் கை விட்டால் விரல் விறைக்கும். குளவிகள் உள்ளேயே தூங்கட்டும்; தளிர் வந்த மறுநாள் எடுத்துக்கொண்டு போனால், கீழே வெயில் பட்டதும் எழுந்துவிடும். எவ்வளவு அழகான ஏற்பாடு. ஒரு வாரம் தூங்கினால் அழகுதான்.

அந்த வருடம் கோடைமழை வரவில்லை. ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. கண்டக்டர் தினமும் வெறுங்கையை விரித்துக்காட்டுவார். வேறு அட்டைகள் தயார் செய்ய வழியில்லை. மார்கழிப் பனியில் அந்துப்பூச்சிகள் பாதிக்குமேல் செத்து, மிச்சம் இருந்ததை இந்த அட்டைகளுக்கே செலவழித்திருந்தேன். மூன்றாவது வாரம் எனக்கே சந்தேகம் வந்து, ஓர் அட்டையை எடுத்து மேசை விளக்குக்குப் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் குளவிகள் வந்தன. நடந்தன. அட்டையின் ஓரம் வரை போய்த் திரும்பி வந்தன. லென்ஸில் பார்த்தபோது இறக்கை ஈரக் காகிதம் மாதிரி முதுகோடு ஒட்டிக்கிடந்தது. ஒன்றுகூடப் பறக்கவில்லை. இந்தக் குளிரில் நானே கட்டிலைவிட்டு எழுவதில்லை, அது எப்படிப் பறக்கும், கீழே போனால் சரியாகிவிடும் என்று எனக்கே ஒரு நகைச்சுவை சொல்லிக்கொண்டு லென்ஸை உறையில் போட்டேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன நகைச்சுவைகளில் இன்றுவரை மறக்காதது அது ஒன்றுதான்.

நான்காவது வாரம் மழை விழுந்தது. அடுத்த சில நாளில் தளிர்ப் பொட்டலம் வந்தது. இந்தத் தடவை பெட்டியைப் புது மண்பானைக்குள் இறக்கி, சுற்றிலும் ஈரச்சாக்கு கட்டி, மடியில் வைத்துக்கொண்டு போனேன். கோட்டை வீட்டிலேயே விட்டுவிட்டேன். சரியான நாள், சரியான நேரம். தோட்டத்தில் இறங்கி ஒரு தளிரைத் திருப்பினேன். முட்டை இருந்தது, பொரியவில்லை. மூன்று வருடத்தில் முதல் தடவையாகப் பந்தி நடக்கும்போதே போய்ச் சேர்ந்திருந்தேன்.

வெயில் தாழ்ந்ததும் மூன்று பேருமாக அட்டைகளை நூலில் கட்டினோம். பாதி மரம் முடிந்திருக்கும், காவல்காரர் அடிமரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார், எறும்பு ஏறுதே."

"எறும்பு எங்கதான் இல்ல, அண்ணே."

"இல்ல சார், கடையில நாங்க பஞ்சாமிர்தப் பாத்திரத்த வெறுமனே வைக்கமாட்டோம். காலுக்குத் தண்ணிக் கிண்ணம் வச்சுத்தான் வைப்போம். இதுக்கும் ஏதாச்சும் பண்ணலாம். அடில சுத்தி வெளக்கெண்ணெய் தடவி விட்டா ஏறாது. வெரசா முடிச்சிருவேன். வீட்டுல ஒரு போத்தல் கெடக்கு."

நான் ஆபீஸ் குரலில் விளக்கினேன். குளவி வெளிவந்ததும் பறந்துவிடும், எறும்பு அட்டைக்கு வருவதற்குள் அது கிளைக்குப் போயிருக்கும், எண்ணெய் தடவினால் பரிசோதனையின் சுத்தம் கெட்டுவிடும். பரிசோதனையின் சுத்தம் என்று தமிழில் யாரும் அதற்கு முன் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் நூலை எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனார். மேசை விளக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்த அட்டை எனக்கு அப்போது ஞாபகத்தில் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

மறுநாள் காலையில் வெயில் ஏற ஏறக் குளவிகள் வந்தன. ஈர இறக்கையை இழுத்துக்கொண்டு அட்டையின் ஓரம் வரை நடந்தன. அங்கே எறும்புகள் வரிசையாக வந்து சேர்ந்திருந்தன. லென்ஸ் தேவைப்படவில்லை, எறும்பு கண்ணுக்குத் தெரியும். நான் ஒவ்வொரு மரமாகப் போய்ப் பார்த்தேன். எல்லா மரத்திலும் அதே வரிசை. காவல்காரர் எண்ணெய்ப் போத்தலோடு வந்து, ஒரு மரத்தடியில் நின்று பார்த்துவிட்டு, போத்தலைத் திரும்பக் குடிசைக்கே கொண்டுபோய்விட்டார். அவர் மனைவி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்.

இரண்டு வாரம் கழித்து ஆபீசர் தோட்டத்தைப் பார்க்க வந்தார். நானும் கூடப் போனேன். மரங்களுக்குள் நுழைந்ததும் சரசரவென்று தூறல் போடுகிற சத்தம். ஆபீசர் வானத்தைப் பார்த்தார். வானம் நீலமாக இருந்தது.

"என்னப்பா, மழையா?"

"இல்லங்கய்யா. புழு. மேல இருந்து எச்சம் போடுது" என்றார் காவல்காரர். ஆபீசரின் தொப்பிமேல் அது விழுவதைப் பார்த்ததும், குடிசைக்கு ஓடிப்போய்க் குடையை எடுத்துவந்து அவர் தலைக்குமேல் பிடித்தார். ஆபீசர் சுற்றி முடிக்கும் வரை பிடித்தபடியே நடந்தார். அவருடைய தலையிலும் தோளிலும் அது விழுந்துகொண்டிருந்தது. இலையெல்லாம் சல்லடையாகி, மரத்துக்கு அந்தப்பக்கம் மலை தெரிந்தது.

"என்ன ஆயிற்று?" என்று ஆபீசர் என்னைக் கேட்டார். காவல்காரர் குடைப்பிடியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அட்டை மாடத்தில் நான்கு வாரம் கெட்டுப்போய்க் கிடந்தது, எறும்பைப் பற்றி இவர் சொன்னார், நான் கேட்கவில்லை. கூடவே கோட்டைப் பற்றியும் சொல்லியிருக்கலாம். கொட்டகையைக் கீழே கொண்டுவந்து, இதே ஆளைக் காவலுக்கு வைத்து, இன்னொரு கோடை பார்க்கலாம் என்று அந்த மனிதர் சொல்லியிருக்கவும் கூடும். அவர் கெட்டிக்காரர் என்று முன்பே சொன்னேன். நான், "இந்த வருடம் மழை ரொம்பத் தாமதம், சார்" என்றேன். அதுவும் உண்மைதான். அறிக்கையிலும் அதையே எழுதினேன்.

தோட்டம் கைவிடப்பட்டது. அந்த வருடக் கடைசியில் என் வேலை நிரந்தரமாயிற்று. காக்க வைக்கலாம் என்று நான் எழுதிய அந்தக் குறிப்பையும் பரிசீலித்ததாக உத்தரவில் இருந்தது. மனைவி கேசரி கிண்டினாள்.

அதற்கு வெகு முன்பே, காவல்காரர் குடிசையைக் காலிசெய்த அன்று, ஏதோ ஆபீஸ் காகிதத்தில் கையெழுத்து வாங்கும் சாக்கில் போயிருந்தேன். அவர் மனைவி முருங்கையில் ஒரு கொம்பை வெட்டி ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தார். பானைக்கு நான் கட்டிக் கொண்டுபோய் அங்கேயே விட்டுவந்த சாக்கு அது.

"தேக்கு மரத்தப் பத்திக் கவலப்படாதீங்க சார்" என்றார் காவல்காரர். "ஒரு மாசத்துல தழைச்சுக்கும். போன வருசமும் தழைச்சுச்சு, அதுக்கு முந்துன வருசமும்."

அவர் சொன்னபடியேதான் நடந்தது. அடுத்த மாதம் வத்தலக்குண்டு போகிற வழியில் இறங்கிப் பார்த்தேன். தோட்டம் பச்சென்று நின்றது. குடிசையில் ஆள் இல்லை.

ஐந்தாறு வருடம் கழித்து, மகளுக்கு முடியிறக்கப் பழனிக்குப் போனோம். அந்தப் பஞ்சாமிர்தக் கடையை நான் தேடவில்லை என்றுதான் மனைவியிடம் சொன்னேன். மூன்று கடை தாண்டி நான்காவதில் அவர் இருந்தார், முழங்கை வரை பழத்தில். பாத்திரத்தின் கால்கள் தண்ணீர்க் கிண்ணங்களில் நின்றன. என்னைப் பார்த்ததும் கும்பிட முடியாமல் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார்.

"சார், கோட்டு இல்லாம வந்திருக்கீங்க."

"இங்க வெக்கைல போட முடியுமா, அண்ணே."

"குளவியெல்லாம் எப்படி இருக்கு?"

"கொட்டகைய மூடிட்டாங்க."

அவர் கை நின்றது. "அப்ப உங்களுக்கு?"

"வேற ஆபீசு. எனக்கு நிரந்தரம் ஆயிருச்சுல்ல."

"அப்பாடா" என்று மறுபடி பிசைய ஆரம்பித்தார். "ஒரு ஆளுக்காவது ஆச்சே. நல்லது சார்." அதில் குத்தல் இருக்கிறதா என்று அவர் முகத்தில் தேடினேன். இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். இல்லை. உங்களுக்குத் தைப்பூசம் முடிந்ததும் அனுப்பிவிடுகிறார்களா என்று நான் கேட்கவில்லை. அந்த இரண்டு பக்கக் குறிப்பைப் பற்றிச் சொல்லத்தான் கடை கடையாகப் பார்த்து வந்திருந்தேன், அதையும் சொல்லவில்லை. பின்னால் ஆட்கள் நின்றார்கள், முதலாளி பார்த்தார், மகள் மொட்டைத் தலையில் சந்தனம் எரிகிறது என்று அழுதாள். காரணங்களுக்கு எனக்கு எப்போதும் பஞ்சமில்லை.

கை கழுவிவிட்டு வந்து அவரே பொட்டலம் கட்டினார். அதே மடிப்பு, அதே நார்க்கட்டு.

"எறும்பு வரும் சார். தண்ணிக்குள்ள வச்சுக்கோங்க."

கொடைக்கானல் வீட்டுக்கு வந்ததும் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் பஞ்சாமிர்தத்தைப் பாத்திரத்தோடு வைத்தேன். மனைவி பார்த்துவிட்டு, "இந்தக் குளுருல இங்க ஏதுங்க எறும்பு?" என்றாள். அவள் சொன்னது சரிதான். தண்ணீர் வற்ற வற்ற நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன். வாரக்கணக்கில் ஓர் எறும்பும் வரவில்லை, நானும் அதைத் தொடவில்லை. கடைசியில் மேலே வெள்ளையாகப் பூத்துவிட்டது என்று அவள்தான் எடுத்துக் கொட்டினாள்.